ஜன்னலோர மேசை

ரயிலை விட்டு இறங்கியதும் அக்கா முதலில் சொன்னது, "பசிக்குதுடி" என்பதுதான்.

கட்டிப்பிடிக்கவில்லை. இளைத்துவிட்டாயே என்று அங்கலாய்க்கவில்லை. அங்கலாய்க்கவும் வழியில்லை. பள்ளிக்கூட நாளில் தங்கைக்கு வந்த பெயர் ஒல்லி. பெயர் மட்டும் அப்படியே நிற்க, ஆள் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நன்றாகவே பூசியிருந்தாள். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒல்லின்னு பேர் வச்சவங்க இப்ப உன்னைப் பார்த்தா பேரைத் திருப்பிக் கேப்பாங்க. இந்த ஊர்க் கடையில பாதிய நீதான் காலி பண்ணியிருப்ப போல. சரி, முதல்ல எங்க? மீனா, மாடியா, சூப்பா?"

"முதல்ல ரூமுக்குப் போய்க் குளிச்சிட்டு..."

"குளிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? எங்க வீட்டுலயும் குழாய் இருக்கு. பக்கத்து சீட்டு அம்மா பொட்டலத்தைப் பிரிச்சு நீட்டினாங்க, வயித்துல இடத்தை அடைச்சுக்கும்னு வேண்டாம்னுட்டேன். காலையில இருந்து வெறும் தண்ணி."

அக்காவின் கையில் ஒரே ஒரு பை. நாளைக் காலை ரயிலில் திரும்பிவிடுவாள். நடுவில் இருப்பது ஒரு மாலையும் ஒரு ராத்திரியும். அந்த ஒரு ராத்திரிக்குத் தன் பொய் தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் ஒரு வாரமாக ஒல்லி வேண்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய பொய் ஒன்றும் இல்லை. சாப்பாட்டைப் பற்றிய பொய்.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் ஒல்லிக்குப் புகார் கேட்கிற வேலை. நகரத்துக்கு வந்து இது இரண்டாவது கோடை. ஜன்னலில்லாத நீளமான கூடத்தில், வரிசை வரிசையாகத் தடுப்புகளுக்கு நடுவே, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பாள். மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்து, ஊர் தின்று முடிக்கிற வரைக்கும் ஷிப்ட். குழம்பு ஒழுகிவிட்டது, ரொட்டி விறைத்துவிட்டது, ஐஸ்கிரீம் பாலாகிவிட்டது, ஆள் வழி தெரியாமல் நிற்கிறார். எதுவானாலும் முதலில் ஒரே வரி: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." பிறகுதான் விசாரணை.

ஷிப்ட் முடிந்து அறைக்கு வருகிற வழியில் அக்காவுக்குப் போன் போடுவாள். அக்கா அந்த நேரம் பாத்திரம் கழுவி, அடுப்படி துடைத்து, பிள்ளைகளும் மாமியாரும் தூங்கியபின், பின்கட்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?"

முதல் மாதம் முழுக்க உண்மையைத்தான் சொன்னாள். பன். வாழைப்பழம். மறுபடி பன். அக்காவின் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. அழாத குறைதான். ஒருநாள் வாய் தவறி, "பாலத்தடி கடையில மீன். மிளகு போட்டு வறுத்தது. கண்ணுல தண்ணி வந்துடுச்சுக்கா" என்றாள். அன்று சாயங்காலம் ஒரு பெரியவர், மீனில் மிளகை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை என்று போனில் பொரிந்து தள்ளியிருந்தார். அதை அப்படியே கொஞ்சம் திருப்பிப் போட்டாள், அவ்வளவுதான்.

"அய்யோ, அப்புறம்?" என்றாள் அக்கா. தூக்கமெல்லாம் போய்விட்ட குரல்.

அப்புறம் அது நிற்கவில்லை. நெய் மிதக்கிறது என்று ஒருவர் திட்டினால், நெய் மணக்கிற கடை ஒன்று கிடைத்தது. காத்திருக்க வைத்தார்கள் என்று கத்தினால், கூட்டம் அலைமோதுகிற கடை. வழி தெரியாமல் நிற்கிற டெலிவரிக்காரர்கள் சொல்லும் சந்துகளும் படிக்கட்டுகளும் நகரத்தின் ஒளிந்த மூலைகளாயின. ஒரு புகாருக்கு ஒரு பாராட்டு என்று ஒல்லி ஊரையே மாற்றிக் கட்டிவிட்டாள். அந்த ஊரில் அவளுக்குச் சினேகிதிகள் இருந்தார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிற சர்வர்கள் இருந்தார்கள், கோடை ராத்திரிகளில் தூங்காத மொட்டைமாடிகள் இருந்தன.

நிஜத்தில் ஒரே ஒரு தடவை ஓட்டலுக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்றவர், "எத்தனை பேர்?" என்று கேட்டார். ஒருத்தர் என்றதும், கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாலு நாற்காலி மேசை ஒன்றைக் காட்டினார். பெரிய குடும்பம் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இந்த நாற்காலி எடுத்துக்கலாமா?" என்று ஒருவர் வந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். அப்புறம் ஒரு சிறுமி, கேட்காமலே. கடைசியில் அவ்வளவு பெரிய மேசையில் அவள் நாற்காலி மட்டும் மிஞ்சியது. பாதியில் எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கடை வாசலையும் மிதிக்கவில்லை.

இப்போது அக்கா வந்து நிற்கிறாள். மாமாவோடு மல்லுக்கட்டி, மாமியாரின் முனகலைக் காதில் வாங்காமல், கல்யாணமாகி முதல்முறையாகத் தனியாக ரயிலேறி வந்து நிற்கிறாள்.

"மீன்" என்றாள் ஒல்லி. "முதல்ல மீன்."

*

பொழுது சாய்ந்தும் சூடு இறங்கவில்லை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சுவர்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் இருக்க முடியாத சனமெல்லாம் தெருவில் இருந்தது. நடைபாதைகளில் நாற்காலிகள், ஐஸ் கட்டிகள் உருகுகிற வண்டிகள், வெட்டி அடுக்கிய தர்பூசணி, எங்கிருந்தோ பாட்டு. அக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒல்லியும் அப்படித்தான் பார்த்திருப்பாள். ஆனால் பழகியவள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாலத்தடிக் கடை இருந்தது. அது இருந்ததே பெரிய ஆறுதல். தலைக்கு மேலே வண்டிகள் ஓடும் அதிர்வு, கீழே நாலைந்து பிளாஸ்டிக் மேசைகள், ஒரு பெரிய இரும்புக் கல், அதன் பின்னால் வியர்வையில் குளித்த மீன்காரர்.

"ரெண்டு மீன்ணே. ஒண்ணுல மிளகு கம்மியா. வால் பக்கம் கருக விட்டுடாதீங்க" என்றாள் ஒல்லி. அந்தக் கடையைப் பற்றி வந்த புகார்களின் சாரம் அது.

மீன்காரர் நிமிர்ந்து பார்த்தார். "முதல் தடவையா வர்றீங்களா? முகம் புதுசா இருக்கே."

அக்கா முந்திக்கொண்டாள். "என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க? இவ வாரா வாரம் வர்றவ. போன்ல உங்க மீனைப் பத்திப் பேசிப் பேசியே எனக்கு வாய் ஊறிப் போயி, ரயிலேறி வந்திருக்கேன்."

ஒல்லி தரையைப் பார்த்தாள். மீன்காரர் அவளை ஒரு கணம் பார்த்தார், அப்புறம் கல்லைப் பார்த்தார்.

"கூட்டத்துல எனக்கு எங்கம்மா முகம் தெரியுதா, இவங்க முகம் தெரியிறதுக்கு. கையைத்தான் பார்க்கிறேன், யாரு தட்டை நீட்டுறாங்கன்னு. உட்காருங்க."

மீன் வந்தது. காரம் மண்டைக்கு ஏறியது. அக்கா கண்ணில் தண்ணீர் வழிய, "நீ சொன்ன மாதிரியேடி, அப்படியே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டாள். ஒல்லி முதல் வாயை வைத்தபோது அவளுக்கும் கண் கலங்கியது. அது மிளகுதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ தடவை வர்ணித்த ருசி வாய்க்குள் வந்து, நான்தான் அது என்றது.

"எனக்குப் புதுசு, நான் அழறேன். வாரா வாரம் தின்கிறவ, உனக்கென்ன?" என்றாள் அக்கா.

"இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்டார்."

அடுத்தது மாடி. பழைய சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் எங்கோ ஒரு மொட்டைமாடியில் குளிர்ந்த பானங்களும் பாட்டும் உண்டு என்பது ஒல்லிக்குக் காதுவழிச் செய்தி. டெலிவரிக்காரர்கள் திணறுகிற இடம் அது. ராத்திரிக்கு ஒருவராவது அங்கே தொலைந்துபோவார். அவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். கண்ணால் பார்த்ததில்லை. கொட்டகை வாசலில் நின்று, அக்காவுக்குத் தெரியாமல் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். தையல்கடையைத் தாண்டி. தண்ணி மோட்டார் சத்தம் கேட்டதும் வலது பக்கம். குனிந்து போக வேண்டிய கதவு.

தையல்கடை இருந்தது. மோட்டார் உறுமியது. குனிந்து போக வேண்டிய கதவில் அக்கா தலையை இடித்துக்கொண்டாள். குறுகலான இரும்புப் படிக்கட்டில் ஏற ஏற, பாட்டுச் சத்தம் கீழே இறங்கி வந்து அவர்களை எதிர்கொண்டது. மேலே போய் நின்றதும் ஒல்லிக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"என்னடி, நீ பார்க்காத இடமா?"

"இல்லக்கா. உன்கூடப் பார்க்கிறது வேற மாதிரி இருக்கு."

அது பொய்யில்லை. மாடி முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான், அவ்வளவு நன்றாக இல்லை. சுவரோரம் ஜோடிகள். நடுவில் கூட்டாளிகள் கும்பலாக ஏதோ விளையாடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை ஜன்னல்கள், மஞ்சளும் வெள்ளையுமாக. எலுமிச்சை பிழிந்த சோடாவை வாங்கிக்கொண்டு அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். காற்று வந்தபோது தலையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"உன் சினேகிதிங்க யாரும் இன்னைக்கு வரலையா?"

"லீவுக்கு ஊருக்குப் போயிட்டாங்க."

"ம். என் மக என்ன சொல்றா தெரியுமா? படிச்சு முடிச்சு நானும் சித்தி மாதிரி தனியா இருக்கப் போறேங்கிறா. உங்க மாமாவுக்கு மூக்குக்கு மேல கோபம். நான்தான் ஒண்ணும் சொல்லலை. உள்ளுக்குள்ள, போடி ராசாத்தின்னு இருந்துச்சு."

ஒல்லி சோடாவைக் குடித்தாள். இத்தோடு அறைக்குப் போய்விட்டால் தப்பித்தோம் என்று இருந்தது. கொட்டாவி விடுவதுபோல் கையை வாயருகே கொண்டுபோனாள்.

"தூங்கற வேலையெல்லாம் அப்புறம்" என்றாள் அக்கா. "அந்த நீல விளக்குக் கடை."

*

நீல விளக்குக் கடைதான் ஒல்லியின் கதைகளிலேயே உசத்தி. சூப் கடை. உள்ளே நீல விளக்கு. ஜன்னலோரமாக ஒரு மேசை. போன மழைக்காலத்தில், வேலையில் ஏதோ மனசு சரியில்லாத ஒருநாள், அந்த மேசையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே சூப் குடித்ததாகவும், காரணமில்லாமல் அழுததாகவும், சர்வர் அண்ணன் ஒன்றும் கேட்காமல் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்ததாகவும் அக்காவிடம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு அக்கா, "நல்ல ஊர்டி" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அலுப்பான நாட்களில் அந்தக் கதையையே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

அந்தக் கடை எப்படி இருக்கும் என்று ஒல்லிக்குத் தெரியாது. அவள் கணினியில் கடையின் பெயர் வரும், தெரு வரும், புகார் வரும், அவ்வளவுதான். முந்தின நாள் போய் ஒரு நோட்டம் விட்டு வரலாம் என்று நினைத்திருந்தாள்; கூட வேலை பார்க்கிற ஒருத்தி வராமல் போக, அவளுடைய ஷிப்டும் இவள் தலையில் விழுந்தது. சர்வர் தன்னைத் தெரியாது என்பானே, அதற்கு என்ன சமாளிப்பது என்பதுதான் அவளுடைய கவலையெல்லாம்.

"இந்த வெக்கையில சூப்பா?" என்றாள்.

"வெக்கையில மிளகு மீன் தின்னப்ப இனிச்சுதா?"

"கோடைக்கு மூடியிருப்பாங்கக்கா."

அக்கா தன் போனில் தட்டி நீட்டினாள். திறந்திருக்கிறது என்று காட்டியது.

ஆட்டோ பிடித்துப் போனார்கள். கடைத்தெருக்கள் முடிந்து, சரக்கு அடைக்கிற கிட்டங்கிகள் வந்தன. தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிந்தது. இரும்புக் கதவு போட்ட கட்டடங்களின் வரிசை முன்னால் ஆட்டோக்காரர் நிறுத்தினார். "இங்கயா?" என்றாள் ஒல்லி. "மேப்புல இங்கதான் காட்டுது" என்று அவர் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

பெயர்ப்பலகை எதுவும் இல்லை. பாதி இறக்கிய ஷட்டர் ஒன்றுக்குள் அனல் பறந்தது. தலையில் வலை மாட்டிய நாலு பேர் அடுப்புகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் பலகையில் கட்டிவைத்த பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. வெளியே இருசக்கர வண்டிகளும் ஹெல்மெட்களும். ஓட்டைக்கு மேலே பூச்சிகளைக் கொல்கிற விளக்கு ஒன்று நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவ்வப்போது பட்டென்று ஒரு சத்தம், ஒரு பூச்சி.

ஒல்லி அந்த விளக்கையே பார்த்தாள். "நீல விளக்கு எரியுது பாருங்க மேடம், அதுக்குக் கீழதான் நிக்கிறேன், இன்னும் கொடுக்கலை." எத்தனை குரல்கள் அப்படிச் சொல்லியிருக்கும்.

அக்காவுக்கு இன்னும் விளங்கவில்லை. ஓட்டைக்குப் போய், "தம்பி, உள்ள உட்கார்ந்து சாப்பிட எந்தப் பக்கம் வாசல்?" என்று கேட்டாள்.

"ஆர்டர் நம்பர் சொல்லுங்க."

"ஆர்டர் இல்லப்பா. உட்கார்ந்து சாப்பிடணும். ஜன்னலோரமா."

உள்ளே இருந்தவன் குனிந்து ஓட்டை வழியாக அவளை நன்றாகப் பார்த்தான். கிண்டலா என்று அவனுக்குச் சந்தேகம். "இங்க உட்கார்றதா? மத்தியானத்துல இருந்து நானே நின்னுக்கிட்டுதான் இருக்கேன். இது சமையல் மட்டும்தாங்க. இருக்கிற ஜன்னல் இது ஒண்ணுதான்."

வண்டிகளில் சாய்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா திரும்பினாள். அவள் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்தது.

"மழையைப் பார்த்தேன்னு சொன்னியே."

ஒல்லி செருப்பு நுனியால் தரையைக் கீறினாள்.

"உன்னைத்தான் கேக்கிறேன்."

"ஒரு அம்மா போன் பண்ணினாங்கக்கா. மழை பெய்யுதே, ஜன்னலோரமா உட்கார்ந்து சூடா குடிக்கலாம்னு சூப் கேட்டிருக்காங்க. அவங்க வீட்டு ஜன்னல். வந்து பார்த்தா மூடி திறந்துகிட்டு, மொத்தமும் பைக்குள்ள கொட்டிக் கிடந்துச்சாம். சூப்புக்காகவா அழறாங்கன்னு இருந்துச்சு, அவ்வளவு அழுதாங்க. வீட்டுல வேற யாரும் இல்லைன்னு சொன்னாங்க. இன்னொண்ணு அனுப்பச் சொன்னேன்."

"அழுதது அவங்களா?"

"நானும்தான். அவங்க போனை வச்சதுக்கு அப்புறம்."

பட்டென்று ஒரு பூச்சி விழுந்தது.

"மீன்?"

"இன்னைக்குத்தான் முதல் தடவை."

"மாடி?"

"அதுவும்."

அக்கா சாலையோரத் திட்டைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்கு அந்தச் சூப் வேணும்" என்றாள்.

ஓட்டைக்காரன் நேரில் கொடுக்க முடியாது என்றான். போனில் ஆர்டர் வந்தால்தான் சமைப்பார்களாம். ஒல்லி போனை எடுத்து, நிற்கிற இடத்தையே விலாசமாகப் போட்டாள். வண்டியோரம் நின்ற ஒருவரின் சட்டைப்பையில் மணி அடித்தது. நரைத்த மீசைக்காரர். போனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார்.

பொட்டலம் வந்ததும் அதை வாங்கி நாலு எட்டு நடந்து வந்து நீட்டினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு நீளமான ஓட்டம் ஓடினதில்லம்மா. பெட்ரோல் கட்டுமான்னு தெரியலை."

பையின் ஒரு மூலை ஈரமாகச் சொட்டியது. ஒல்லிக்கு யோசிக்காமல் வாய் ஓடிவிட்டது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

மீசைக்காரர் நின்றார். "இந்தக் குரலு... மோட்டார் சத்தம் கேட்டா வலது பக்கம்னு சொல்ற மேடம்தானே நீங்க? குனிஞ்சு போங்க, தலை இடிக்கும்னு சொல்வீங்களே?"

"ஆமாண்ணே."

"நீங்க இருந்தா நாங்க நிம்மதியாப் போவோம். மத்தவங்க வழியும் சொல்ல மாட்டாங்க, திட்டவும் செய்வாங்க." அதற்குள் மறுபடி மணி அடித்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பேர் என்ன என்று அவரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

சூப் நன்றாகவே இருந்தது. ஒரே கிண்ணத்தில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

*

அறையில் மூன்று கட்டில். இரண்டில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. அவற்றின் சொந்தக்காரிகள் கோடை லீவில் போனவர்கள், இருக்கும்போதும் ஆளுக்கொரு திசையில் திரும்பிப் படுப்பவர்கள்தான். அலமாரியில் பன் பாக்கெட்டுகள், பக்கத்தில் கறுத்துப்போன வாழைப்பழம். அக்கா அதைப் பார்த்தாள், பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் விளக்கை அணைத்தாள்.

மின்விசிறி சூடான காற்றைக் கிளறியது. அக்கா தூங்கிவிட்டாள் என்று ஒல்லி நினைத்தபோது குரல் வந்தது.

"பொய் சொன்னதுக்கு நான் கோபப்படலை."

"திட்டுக்கா. திட்டிடு."

"என்னத்தைத் திட்டுறது? நீ கஷ்டப்பட்டது எனக்குத் தெரியலையேன்னு அழணும். அதான் நியாயம். எனக்கு அது வரலைடி. வேற ஒண்ணுதான் வருது." கட்டில் கிறீச்சிட்டது. "இனிமே ராத்திரி பாத்திரம் கழுவிட்டு நான் எதை நினைச்சுக்கிட்டுப் படுக்கிறது?"

ஒல்லி எட்டிக் கையைத் தொடலாம் என்று பார்த்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கை எட்டாத தூரம். எழுந்து போக வேண்டும். எழவில்லை.

காலையில் ரயிலடியில் அக்கா, வந்துவிடு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "போன் பண்ணு" என்றாள். ரயில் நகர்ந்தபின் ஜன்னலோரம் அவள் முகம் தெரிந்தது. கையாட்டினாளா, முடியை ஒதுக்கினாளா என்று சரியாகத் தெரியவில்லை.

அன்று ராத்திரி ஒல்லி போன் பண்ணினாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன?"

"பன்."

"சரி, படு."

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாட்களில் என்ன சாப்பிட்டாய் என்பதையும் அக்கா விட்டுவிட்டாள். போனுக்குள் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். இரண்டு பேரும் அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். பொய் சொன்ன நாட்களில் ஒல்லிக்கு இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை. அப்போது தனியாகச் சாப்பிட்டதற்குச் சாட்சி கிடையாது. இப்போது, அவள் பன் தின்கிறாள் என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும்.

வார விடுமுறை வந்தது. துணி துவைத்தாள். காயப்போட்டாள். கொடியில் அது காய்வதை வெறித்துக்கொண்டிருந்தாள். கோடை வெயிலுக்கு அது சீக்கிரமே காய்ந்து தொலைத்தது. வெயில் சாய்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாலத்தடியில் அன்று கூட்டம் அதிகம். மீன்காரர் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார், "எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான்."

அவர் கரண்டியால் கடைசி மேசையைக் காட்டினார். அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, தெரிந்திருக்கவும் மாட்டார். அவள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து, "இது எடுத்துக்கலாமா?" என்று எதிர் நாற்காலியைத் தொட்டார். தலையசைத்தாள். பிறகு பக்கத்து நாற்காலியும் போனது. எழுந்துவிட வேண்டும்போல் கால் பரபரத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தட்டு வந்துவிட்டது.

ஒரு வாய் தின்றாள். போனை எடுத்தாள்.

"என்னடி இந்த நேரத்துல? அடுப்புல வச்சிருக்கேன்."

"பாலத்தடியில இருக்கேன்க்கா. மீன் சாப்பிடறேன்."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. "ஒல்லி, வேண்டாம்டி. மறுபடி ஆரம்பிக்காத."

ஒல்லி போனைக் கல்லின் பக்கம் நீட்டினாள். எண்ணெய் சடசடத்தது. தலைக்கு மேலே கனமான வண்டி ஒன்று பாலத்தை அதிரவைத்துப் போனது. மீன்காரர் யாரையோ, தட்டைக் கையில் பிடிய்யா, காலில் பிடிக்காதே என்று ஏசினார். போனை மறுபடி காதில் வைத்தாள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தது கேட்டது. பிறகு, "எப்படி இருக்கு?"

புகாரைத் திருப்பிப் போடுகிற பழைய பழக்கம் நாக்கு நுனி வரை வந்தது. ஒல்லி அதை விழுங்கினாள்.

"வால் பக்கம் கருகிடுச்சு."

"ம்."

"மிளகு இன்னைக்குச் சுத்தமா இல்லை. ரெண்டு நாற்காலியையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. தட்டை வைக்கிறவர் என் முகத்தைக்கூடப் பார்க்கலை."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. ஸ்டூலை இழுக்கிற சத்தம். யாரோ அம்மா என்று கூப்பிட, கொஞ்சம் இரு என்று அக்கா அதட்டினாள்.

"சொல்லு" என்றாள். "கேக்கிறேன்."